கிணற்று நைத்திரேற்றுத் தாள்: ஆய்வு நிதிக்கு எழுத முன்னம் சந்தையை எப்படி அறியிறது?

கிணற்றடி (ஞாயிறு இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். நான் இரசாயனவியல் படிச்சு யாழ்ப்பாணத்தில ஒரு ஆய்வுகூடத்தில வேலை செய்யிறன். நானும் என்ர தோழியும் இரண்டு வருசமா ஒரு சோதனைத் தாள் செய்துகொண்டு வாறம். கிணற்றுத் தண்ணியில தோய்ச்சு எடுத்தால் தாள் இளஞ்சிவப்பாகும். நிறம் எவ்வளவு கடும் எண்டு பார்த்து, தண்ணியில நைத்திரேற்று (கூடினால் குடிக்கிறதுக்கு ஆகாத ஒரு உப்பு) எவ்வளவு எண்டு சொல்லலாம்.

அடிப்படை பழசுதான். நைத்திரேற்றை நைத்திரைற்றா மாத்தி, அதைச் சாயமாக்கிற, கிறீஸ் எண்ட இரசாயனவியலாளரின்ர பேரில உள்ள தாக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிஞ்ச விஷயம். மாத்திறதுக்கு ஆய்வுகூடங்களில கட்மியம் பாவிக்கிறவை. அது நஞ்சு, வீட்டுக்குக் குடுக்க ஏலாது. நாங்கள் நாகத்தூள் (துத்தநாகத் தூள்) பாவிக்கிறம். எங்கட சுண்ணாம்புக்கல் கிணறுகளின்ர கடினத் தண்ணியிலயும் நிறம் குழம்பாமல் வரச் செய்ததுதான் எங்கட பங்கு. அதில எனக்குச் சந்தேகமில்லை.

பிரச்சினை வேற. ஆய்வு நிதி விண்ணப்பத்தில 'சந்தை வாய்ப்பு' எண்டு இரண்டு பக்கம் நிரப்ப வேணும். போன முறை, குடாநாட்டில உள்ள கிணறுகளின்ர தொகையை எடுத்து, அதில 1 வீதம் வாங்கினாலே இவ்வளவு ரூபா எண்டு எழுதினன். நிராகரிச்சுட்டினம். மதிப்பீட்டாளர் எழுதினது ஒரே வரி: "யார் வாங்குவார் என்பது தெளிவில்லை."

இரண்டு நாள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தன். உண்மையா எனக்கும் தெரியாது.

அடுத்த முறைக்குப் பத்துக் கிழமை இருக்கு. ஆலோசகர் பிடிக்கக் காசில்லை. இந்தப் பாதையால போனவை ஆராவது வழி சொல்லுங்கோ.

வடலி (ஞாயிறு இரவு 11.05)

தங்கச்சி, நான் உணவுத் தொழில்நுட்பம். பனம்பழக் களியில வேலை செய்தன். களியில பிளபெல்லிபெரின் எண்டு ஒரு சேர்வைக் கூட்டம் இருக்கு, கசப்புக்கு அதுதான் காரணம். நொதியம் போட்டு அந்தக் கசப்பைக் குறைக்க மூண்டு வருசம் செலவழிச்சன். அதுக்கு நிதியும் கிடைச்சது. கட்டுரையும் வந்தது.

முடிவில ஒரு பழச்சாறு உற்பத்திக்காரரிட்டப் போனன். குடிச்சுப் பார்த்து நல்லது எண்டார். பிறகு கேட்டது: "பனம்பழம் விழுகிற காலம் முடிஞ்சால் எனக்கு என்ன தருவியள்?" அடுத்த கேள்வி, தும்பிலயிருந்து களியைப் பிரிக்க எத்தனை பேர் வேணும், அவைக்குச் சம்பளம் ஆர் குடுக்கிறது எண்டு. கசப்பைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கயில்லை. சீனி போட்டுச் சமாளிக்கலாம் எண்டுதான் அவர் நினைச்சிருந்தார்.

அவரை மூண்டு வருசத்துக்கு முன்னம் சந்திச்சிருந்தால் நான் களி பிரிக்கிற பொறியிலயும், களியைக் கெடாமல் வைக்கிற முறையிலயும் வேலை செய்திருப்பன். அதுவும் விஞ்ஞானம்தானே. அதே ஆய்வுகூடம், அதே காசு, கேள்வி மட்டும் வேற.

சந்தையைப் பார்க்கிறது விண்ணப்பத்தில இரண்டு பக்கம் நிரப்ப எண்டு நினைக்காதேங்கோ. எந்தப் பரிசோதனைக்குக் காசு கேட்கிறது எண்டதையே அது மாத்திப்போடும்.

பனிக்காலம் (திங்கள் காலை 6.20)

ஊர் உரும்பிராய், இருக்கிறது அமெரிக்காவில. இங்க இந்தக் கேள்விக்கெண்டே ஒரு பயிற்சி இருக்கு. தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011இல தொடங்கின 'ஐ-கோர்'. பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், தொழிலை முன்னெடுக்கப் போற ஒருவர், தொழில்துறையில அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவர் எண்டு குழுவா வரவேணும். ஏழு கிழமைக்குள்ள குறைஞ்சது 100 பேரை நேர்காண வேணும். அந்த நாட்களில ஆய்வுகூட வேலையைப் பற்றி ஆரும் கேட்கமாட்டினம். "இந்தக் கிழமை எத்தனை பேரோட கதைச்சனீங்கள், என்ன பிழைச்சது" எண்டதுதான் கேள்வி. கடைசியில முன்னுக்குப் போறதா விடுறதா எண்டு முடிவு சொல்லவேணும். விடுறது எண்ட முடிவையும் நல்ல முடிவாத்தான் எடுக்கினம், ஏனெண்டால் ஒரு ஆளின்ர நாலைஞ்சு வருசம் மிஞ்சுது.

சிறு நிறுவனங்களுக்கான ஆய்வு நிதி இங்க 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால வந்தது. அதே அறக்கட்டளையிட்ட அந்த நிதி கேட்கிறதெண்டால், முழு விண்ணப்பத்துக்கு முன்னம் ஒரு சிறு சுருக்கம் அனுப்ப வேணும். அதில நாலு விஷயம்: புதுமை என்ன, தொழில்நுட்பத்தில தெரியாதது என்ன, சந்தை என்ன, குழு ஆர். சந்தைப் பகுதி சரியில்லையெண்டால் மிச்சத்தை எழுதவே தேவையில்லை.

நான் 2 தரம் அப்பிடி நேர்காணல் செய்தனான். முதல் தரம் எல்லாரிட்டயும் "இப்பிடி ஒண்டு இருந்தால் வாங்குவியளோ" எண்டு கேட்டன். எல்லாரும் ஓம் எண்டினம். ஒருத்தரும் வாங்கயில்லை. எங்கட சனத்துக்கு இது இன்னும் கூடப் பொருந்தும். வீடு தேடி வந்த பிள்ளைக்கு ஆர் இல்லையெண்டு சொல்லுவினம்? தேத்தண்ணியும் தந்து ஓம் எண்டும் சொல்லித்தான் அனுப்புவினம்.

அதால தாளைக் கொண்டு போகாதேங்கோ, பையில வையுங்கோ. நடந்து முடிஞ்சதைக் கேளுங்கோ: கடைசியாத் தண்ணியைச் சோதிச்சது எப்ப? ஏன் சோதிச்சனீங்கள்? எங்க குடுத்தனீங்கள்? முடிவு வந்த பிறகு என்ன மாத்தினனீங்கள்? சோதிக்கவே இல்லையெண்டால் அதுவும் ஒரு மறுமொழிதான். ஒவ்வொரு இடத்திலயும் பாவிக்கிறது ஆர், காசு குடுக்கிறது ஆர், வேண்டாமெண்டு தடுக்கக்கூடியது ஆர் எண்டு மூண்டு பேரையும் பிரிச்சு எழுதுங்கோ. அந்த மூண்டும் ஒரே ஆளா இருக்கிறது குறைவு.

இன்னொண்டு. காப்புரிமை எடுக்கிற எண்ணம் இருந்தால் பிரச்சினையைப் பற்றி மட்டும் கதையுங்கோ. தாளில என்ன கலந்திருக்கு எண்டு சொல்லாதேங்கோ. ஐரோப்பாவில விண்ணப்பிக்க முன்னம் வெளியில சொன்னால் புதுமை போச்சு.

செம்மண் (திங்கள் மாலை 7.15)

பிள்ளை, நான் குப்பிழான் பக்கம் தோட்டம் செய்யிறன். வெங்காயம், புகையிலை, இடையில மரக்கறி. உண்மையைச் சொல்லுறன், கோவிக்காதையும். எங்கட ஒழுங்கையில ஒருத்தரும் அந்தத் தாளை வாங்கமாட்டினம்.

தண்ணி கூடாது எண்டு எங்களுக்குத் தெரியும். குடிக்கிறதுக்கு ஆர்.ஓ. (பொறியில உப்பு வடிச்ச) தண்ணி கானில எடுக்கிறம். கிணத்துத் தண்ணி குளிக்க, தோய்க்க, இறைக்க. கூடாது எண்டு தெரிஞ்ச ஒண்டைக் கூடாது எண்டு சொல்லுற தாளுக்கு ஏன் காசு?

நிறமாலை (திங்கள் இரவு 10.30)

இந்த உரையாடலில் எனக்கு ஒரு கவலை உண்டு. நான் நீண்ட காலம் கற்பித்தவன். இப்போது ஒவ்வொரு மாணவரிடமும் முதலில் கேட்கப்படுவது "இதற்குச் சந்தை என்ன" என்பதுதான். அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவில் 1960களில் ஓர் ஆய்வாளர் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் பற்றீரியாவைத் தேடிப் போனார். அவரிடம் சந்தை மதிப்பீடு கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்? அந்தப் பற்றீரியாவின் நொதியம் பிற்காலத்தில் பி.சி.ஆர். முறைக்கு அடிப்படையானது. கொரோனாக் காலத்தில் உலகம் முழுவதும் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரிகளில் பலவற்றைச் சோதித்ததும் அந்த முறையால்தான்.

நிலத்தடி நீரில் நைத்திரேற்று எப்படிச் சேர்கிறது, எந்தப் பருவத்தில் கூடுகிறது என்பதை அறிவது இந்த மண்ணுக்கு அவசியம். அதை விலைக்கு வாங்க ஆள் உண்டா என்று பார்த்துத்தான் செய்ய வேண்டுமென்றால், செய்ய வேண்டிய பாதி ஆய்வு நடக்காது.

பனிக்காலம் (செவ்வாய் காலை 5.50)

சேர் சொல்லுறது சரி. நான் அதை மறுக்கயில்லை. ஆனால் காசு வாற பை வேற. அறிவுக்காகக் குடுக்கிற காசுக்குச் சந்தை எழுதச் சொல்லுறது பிழை. எழுதினால் அது பொய்யாத்தான் வரும். பொருள் செய்து விக்கப்போறம் எண்டு சொல்லி வாங்கிற காசுக்கு ஆர் வாங்குவினம் எண்டு தெரியாமல் எழுதிறதும் பொய்தான். தங்கச்சி விண்ணப்பிக்கிறது இரண்டாவதுக்கு. சந்தை இல்லையெண்டு கண்டால் முதலாவது பைக்கு நேர்மையாப் போகலாம், அதில ஒரு குறையும் இல்லை.

நிறமாலை (செவ்வாய் காலை 9.10)

அந்தப் பிரிவினையை ஏற்கிறேன். இரண்டையும் ஒரே படிவத்தில் திணிப்பவர்களிடம்தான் என் கோபம்.

கிணற்றடி (நாலு கிழமைக்குப் பிறகு, சனி இரவு 8.30)

திரும்ப வந்திட்டன். 31 பேரோட கதைச்சாச்சு. 100க்கு எட்டயில்லை, வேலை முடிஞ்சு பின்னேரங்களிலயும் சனி ஞாயிறிலயும்தான் போகக் கிடைச்சது. அக்கா சொன்னபடி தாளைப் பையில வச்சன். முதல் நாலு பேரிட்டயும் கை தானாப் பைக்குள்ள போச்சு.

வீட்டுக் கிணத்துக்காரர்: 11 பேர். செம்மண் அண்ணை சொன்னது அப்பிடியே சரி. ஒரு வீட்டில மட்டும் தண்ணியைச் சோதிச்சிருந்தவை. அதுவும் சுன்னாகம் பக்கம் கிணறுகளில எண்ணெய் கலந்த பிரச்சினை வந்த காலத்தில. முடிவுத் தாளை இன்னும் கோவிலில தந்த நாட்காட்டிக்குப் பின்னால செருகி வச்சிருக்கினம். அதுக்குப் பிறகு சோதிக்கயில்லை.

ஆர்.ஓ. தண்ணி விக்கிறவை: 4 பேர். அவை பாக்கிறது தண்ணியில கரைஞ்ச மொத்த உப்பைக் காட்டுற மீற்றர் மட்டும். அதில நைத்திரேற்று தனியாத் தெரியாது எண்டு நான் சொல்ல, ஒருத்தர் சொன்னார்: "எடுக்கிற சனம் அந்த நம்பரைத்தான் கேக்கும். நைத்திரேற்று எண்டு ஒருத்தரும் இண்டைக்கு வரைக்கும் கேட்டதில்லை."

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்: 2 பேர். எங்கட தாளால வழக்கு வைக்க ஏலாது, அதுக்கு அங்கீகரிச்ச ஆய்வுகூட அறிக்கை வேணும். ஆனால் எந்தக் கிணத்து மாதிரியை அனுப்பிறது எண்டு முடிவெடுக்க உதவும் எண்டினம். வாங்கிறதெண்டால் திணைக்களம் வருசத்துக்கு ஒருக்கா விலைமனு கேட்டு வாங்கும்.

கைக்குழந்தை உள்ள தாய்மார்: 5 பேர், ஒரு குடும்ப நல உத்தியோகத்தரின்ர உதவியோட. இந்த இடம்தான் என்னைக் கனக்க யோசிக்க வச்சது. உலக சுகாதார நிறுவனம் வச்ச லீற்றருக்கு 50 மில்லிகிராம் எண்ட எல்லையே போத்தல் பால் குடிக்கிற குழந்தையளை, இரத்தத்தில ஒட்சிசன் குறைஞ்சு உடம்பு நீலமாகிற நீலக்குழந்தை நோயை நினைச்சு வச்சது. ஐஞ்சில இரண்டு தாய்மார் கிணத்துத் தண்ணியில பால்மா கரைக்கினம். "கொதிக்க வச்சுத்தான் குடுக்கிறம்" எண்டினம். கொதிக்க வச்சால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணி வத்த வத்தச் செறிவு கூடும். அதை அவைக்கு ஒருத்தரும் சொல்லயில்லை. நான் அண்டைக்கே இரண்டு பேருக்கும் விளங்கப்படுத்திப் போட்டு, வேற தண்ணி எடுக்கச் சொல்லிப்போட்டுத்தான் வந்தன். இது நேர்காணல் விதிக்குப் பிழையெண்டாலும் பரவாயில்லை. இங்க தேவை இருக்கு, ஆனால் இவையை வாடிக்கையாளர் எண்டு எழுத என்ர மனம் விடயில்லை. கிளினிக்கில சும்மா குடுக்க வேண்டிய தாள் இது.

அக்குவாரியக் கடையொண்டுக்கும் போனன். நைத்திரேற்றுத் தாள் அங்க ஏற்கெனவே விக்குது! இறக்குமதி. விண்ணப்பத்தில நான் 'போட்டியாளர் இல்லை' எண்டு எழுதினனான். இரண்டு வருசமா அந்தக் கடைக்கு முன்னாலதான் பஸ் ஏறுறனான்.

மிச்சம் 8 பேர் தோட்டக்காரர். ஏழு பேர் செம்மண் அண்ணையின்ர கதைதான். எட்டாவது ஆள், உரும்பிராய்ப் பக்கம், எழுபது வயசிருக்கும். நைத்திரேற்று எண்டால் என்ன எண்டு கேட்டார். யூரியாவில இருக்கிற நைதரசன்தான், மண்ணுக்குள்ளால இறங்கிக் கிணத்துக்கு வருது எண்டன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப நான் போட்ட யூரியாவை நானே திரும்ப இறைக்கிறன். பிறகேன் மேலால இன்னும் போடுறன்?"

இரண்டு வருசமா அந்தத் தாளைத் தூக்கிப் பிடிச்ச எனக்கு இந்தக் கேள்வி ஒரு நாளும் வரயில்லை. நான் எந்நேரமும் குடிக்கிற தண்ணி எண்டே நினைச்சுக்கொண்டிருந்தன்.

மண்வெட்டி (சனி இரவு 10.45)

அந்த ஐயாவின் கேள்வி சரியான கேள்வி. விவசாயம் படித்தவன் என்ற முறையில் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்றால் அதில் நைதரசன் ஏறக்குறைய 11.3 மில்லிகிராம். ஒரு போகத்துக்கு மொத்தம் 400 மில்லிமீற்றர் தண்ணீர் இறைப்பதாக வைப்போம். ஓர் ஏக்கருக்கு அது சுமார் 16 இலட்சம் லீற்றர். அதற்குள் வருவது 18 கிலோ நைதரசன். யூரியாவில் 46 வீதம் நைதரசன், ஆகவே ஏறத்தாழ 40 கிலோ யூரியா. 16 பரப்பு ஓர் ஏக்கர், அப்படியானால் பரப்புக்கு 2.5 கிலோ. நைத்திரேற்று 100 மில்லிகிராம் உள்ள கிணறென்றால் இதை இரட்டிக்கலாம்.

ஆனால் கவனம். இறைக்கிற தண்ணீர் முழுவதையும் பயிர் எடுக்காது. செம்மண்ணில் ஒரு பங்கு வேரைத் தாண்டி இறங்கிவிடும், அதோடு நைத்திரேற்றும் இறங்கும். பயிருக்கு நைதரசன் தேவைப்படும் கிழமையும் தண்ணீர் கூட இறைக்கும் கிழமையும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றும் இல்லை. எத்தனை வீதத்தைக் கழிக்கலாம் என்பதை எங்கள் மண்ணில், எங்கள் வெங்காயத்தில் அளந்துதான் சொல்ல வேண்டும். மேசையிலிருந்து நான் சொல்லமாட்டேன்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்த பிறகு யூரியாவுக்கு நாங்கள் பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருக்கும். கிணற்றுக்குள் பசளை இருக்கிறது என்று அந்த நேரம் ஒருவர் அளந்து சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள்.

கல்லாப்பெட்டி (ஞாயிறு காலை 7.30)

நான் பயிருக்கு அடிக்கிற மருந்துக் கடை வச்சிருக்கிறன், பசளையும் விக்கிறன். தங்கச்சி, இதை எங்கட கடையால விக்கலாம் எண்டு நினைப்பீர். நேர சொல்லுறன், அது சரிவராது.

தோட்டக்காரர் கனபேர் என்னட்டக் கடனுக்குத்தான் யூரியா எடுக்கினம். வெங்காயம் கிண்டி வித்த பிறகுதான் காசு வரும். அவை பயிருக்கு என்ன போடுறது எண்டு கேட்கிறதும் என்னட்டத்தான். யூரியாவைக் குறையுங்கோ எண்டு சொல்லுற தாளை நான் வித்து, போகம் பிழைச்சால், பழி எனக்கு, கடனும் வராது. பிழைக்காட்டிலும் என்ர விற்பனை குறையும். நான் கெட்டவன் இல்லை, ஆனால் இதுதான் உண்மை.

அதால யூரியாச் செலவு ஆரின்ர தலையில விழுது எண்டு பாருங்கோ. ஒப்பந்தத்துக்கு மரக்கறி செய்விக்கிறவை விதையும் பசளையும் தாங்களே முதலில குடுத்து, பிறகு கழிக்கினம். அவைக்கு ஒவ்வொரு மூட்டையும் கைக்காசு.

பனிக்காலம் (ஞாயிறு காலை 8.05)

கல்லாப்பெட்டி அண்ணைக்கு நன்றி. எந்த ஆலோசகரும் இதைச் சொல்லியிருக்கமாட்டினம். 'தடுக்கக்கூடிய ஆள்' எண்டு நான் சொன்னது இதைத்தான், அவர் தானே வந்து சொல்லிப்போட்டார்.

தங்கச்சி, இப்ப கணக்கைக் கீழயிருந்து போடும். மேலயிருந்து 1 வீதம் எண்டு வேண்டாம். ஒரு தோட்டக்காரர் ஒரு போகத்துக்கு எத்தனை தாள், எவ்வளவுக்கு, வருசத்துக்கு எத்தனை போகம்.

கிணற்றடி (செவ்வாய் இரவு 9.20)

போட்டன். போகத்துக்கு 3 தாள், வருசத்துக்கு 2 போகம், எங்கட விலை தாளுக்கு 60 ரூபா. ஒரு ஆளுக்கு வருசம் 360 ரூபா. ஆயிரம் தோட்டக்காரர் வாங்கினால் 360,000 ரூபா, மாசத்துக்கு 30,000. ஒரு ஆய்வுகூட உதவியாளரின்ர சம்பளத்துக்கும் காணாது. ஆயிரம் பேரைப் பிடிக்கிறதே பெரிய வேலை.

இதை எழுதி முடிச்ச பிறகு தோழியும் நானும் கொஞ்ச நேரம் கதைக்கயில்லை. தாளை மட்டும் விக்கிற கம்பனி இல்லை. அது விளங்கிட்டுது.

ஒப்பந்தத்துக்குப் பயிர் செய்விச்சு வெளிநாட்டுக்கு அனுப்பிற இரண்டு இடத்துக்குப் போனன். இரண்டாவது இடத்தில அந்த மனுசன் தானே கேட்டார்: "பயிருக்கு என்ன போட்டது எண்டு வாங்கிறவை பதிவு கேட்கினம். கிணத்தில என்ன இருக்கெண்டும் சேர்த்துக் குடுக்க ஏலுமோ?" அவருக்குத் தாள் வேண்டாம். தோட்டம் தோட்டமா அளந்து, பரப்புக்கு எவ்வளவு யூரியா குறைக்கலாம் எண்டு எழுதின ஒரு கொப்பிதான் வேணும். அதுக்குக் காசு தருவன் எண்டார். அக்கா சொன்னபடி, எவ்வளவு எண்டு கேட்கயில்லை. இப்ப இந்த வேலைக்கு ஆருக்கு என்ன செலவழிக்கிறியள் எண்டு கேட்டன். ஒரு களஉத்தியோகத்தருக்குச் சம்பளமும் மோட்டார் சைக்கிள் பெற்றோலும் எண்டார். அதுதான் எங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கிற விலை.

பிறகு அவர் ஒரு நிபந்தனை சொன்னார். "குறைச்சுப் போட்டும் விளைச்சல் குறையாது எண்டு இந்த மண்ணில காட்டுங்கோ. தாள் சரியா வேலை செய்யுது எண்டதை நான் நம்புறன், அதில எனக்குப் பிரச்சினையில்லை."

நாங்கள் விண்ணப்பத்தில காசு கேட்டது முழுக்கத் தாளின்ர துல்லியத்தைக் கூட்டத்தான். 50க்கும் 55க்கும் வித்தியாசம் காட்ட. அது ஒருத்தருக்கும் தேவையில்லை. தெரியாமல் இருக்கிறது மண்வெட்டி அண்ணை சொன்ன வீதம். வெங்காயப் பாத்தியில, இரண்டு போகம், யூரியா முழுசாவும் குறைச்சும் போட்டு நிறுத்துப் பார்க்கவேணும். அதோட வெயிலிலயும் ஈரத்திலயும் தாள் எத்தனை மாசம் கெடாமல் இருக்கும் எண்டதும். களஉத்தியோகத்தர் அதை மோட்டார் சைக்கிள் பெட்டியிலதான் கொண்டு திரிவார்.

விண்ணப்பத்தை முதலிலயிருந்து எழுதுறம். விவசாயம் தெரிஞ்ச ஒருத்தர் குழுவில இல்லாமல் இது நடக்காது. மண்வெட்டி அண்ணை, தனிமடலில எழுதியிருக்கிறன்.

நிறமாலை சேர், கிளினிக் வேலையைச் சந்தை இல்லாத பைக்குத் தனியா எழுதப்போறம். கைக்குழந்தை வீடுகளின்ர கிணறுகளைப் பருவத்துக்குப் பருவம் அளக்கிற ஆய்வு. நீங்கள் ஒருக்கா வாசிச்சுத் தருவியளோ?

நிறமாலை (புதன் காலை 6.40)

அனுப்புங்கள், மகள். மாரி தொடங்க முன்னும் மழை விட்ட பின்னும் கட்டாயம் மாதிரி எடுக்க வேண்டும். அதைத் திட்டத்தில் முதலிலேயே எழுதுங்கள்.

மண்வெட்டி (புதன் காலை 8.15)

வருகிறேன். ஒரே தோட்டத்தில் பாத்தி பாத்தியாக மாறி மாறிப் போட வேண்டும், ஒரு பக்கம் முழு யூரியா, மறுபக்கம் குறைவு என்று பிரித்தால் மண் வித்தியாசம் கணக்கைக் கெடுக்கும். குறைந்தது மூன்று தோட்டம் வேண்டும், கிணற்று நைத்திரேற்று மூன்றிலும் வேறு வேறாக இருந்தால் நல்லது. அதற்குத் தோட்டக்காரர் சம்மதிப்பாரா என்பதுதான் கேள்வி.

செம்மண் (புதன் மாலை 6.50)

பிள்ளை, முதல் நாள் நான் கொஞ்சம் கடுமையாச் சொல்லிப்போட்டன். வாசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். தண்ணிக்க யூரியா இருக்கெண்டு கணக்குப் பார்த்ததில எனக்கு இரவு நித்திரையில்லை. நாப்பது வருசமா ஒரே கிணத்தால இறைக்கிறன்.

என்ர தோட்டத்தில 2 பரப்பு தாறன். தண்ணி நானே இறைப்பன். ஆனால் ஒண்டு கேக்கோணும். குறைச்சுப் போட்ட பாத்தியில வெங்காயம் சிறுத்தால் சந்தையில அதுக்கு விலை வேற. அந்த நட்டம் ஆரின்ர? இதைக் கேக்காமல் ஒருத்தனும் நிலம் தரமாட்டான், நான் இப்பவே கேட்டுப்போட்டன்.

கிணற்றடி (புதன் இரவு 10.10)

அண்ணை, செலவுத் திட்டத்தைத் திறந்து வச்சுக்கொண்டுதான் எழுதுறன். இரசாயனம், போக்குவரத்து, உதவியாளர் சம்பளம் எல்லாம் இருக்கு, இது இல்லை. இப்ப ஒரு வரி சேர்த்திருக்கிறன்: 'தோட்டக்காரருக்கு விளைச்சல் நட்டஈடு, முழு யூரியாப் பாத்தியின் நிறையையும் அன்றைய சந்தை விலையையும் கொண்டு.' ஒரு போகத்தில 2 பரப்பில நல்ல விளைச்சலெண்டால் எத்தனை கிலோ வரும், போன முறை கிலோ என்ன விலைக்குக் குடுத்தனீங்கள் எண்டு சொன்னீங்களெண்டால் அந்த வரிக்குத் தொகையைப் போட்டுவிடுவன்.

சனிக்கிழமை பின்னேரம் கிணத்தடிக்கு வரலாமோ? இந்த முறை தாளையும் கொண்டு வாறன்.

செம்மண் (வியாழன் காலை 5.40)

வாங்கோ. நாலு மணிக்குப் பிறகு வாங்கோ, அதுக்கு முன்னம் இறைப்பு. நிறைக் கணக்கு மனுசி எழுதி வச்சிருக்கிறா, கொப்பியை எடுத்து வைக்கச் சொல்லுறன்.